மூன்றாம் மாடிச் சிரமதானம்

கனகசபாபதியர் ரயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்ரராக, சுருக்கமாக எஸ்.எம். ஆக, இருந்து ஓய்வு பெற்றவர். வேலை அவரை விட்டாலும் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் அவருடைய கையை விட்டுப் போகவில்லை என்று வெள்ளவத்தையில் அவர் குடியிருந்த மாடித் தொகுதிக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். அந்தத் தொகுதியின் நலன்புரிச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தண்ணீர் மோட்டரை எத்தனை மணிக்குப் போடுவது, குப்பைப் பையை எந்தப் படிக்கட்டில் வைக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. காலையில் குளித்துத் திருநீறு பூசி, கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் சட்டங்களைக் கையில் எடுப்பார். ஆகவே அவற்றை மீறுவதற்கு எவருக்கும் மனம் வருவதில்லை.

அவருடைய சட்டங்களில் பெரிய சட்டம் ஒன்று உண்டு. மாதத்தில் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சிரமதானம். வீட்டுக்கு ஒருவராவது மண்வெட்டியோடோ தும்புத்தடியோடோ கீழே இறங்கி, வீட்டு முன் ஒழுங்கையோரம் ஓடும் கழிவுநீர்க் கானைத் துப்புரவாக்க வேண்டும். கூலி கிடையாது. வேலை முடிந்ததும் ஆளுக்குப் பால் விடாத பிளேன்ரீ ஒன்று, பனிஸ் ரொட்டி ஒன்று. அதைக் கனகசபாபதியர் தன் கையாலேயே கொடுப்பார். பனிஸ் வாங்காத வீட்டுக்கு மொட்டை மாடி மண்டபம் கிடையாது. மண்டபம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை, நான்கு பக்கமும் கடல்காற்று, நூற்றைம்பது பேர் இருக்கலாம். ஆனால் போர் நடந்துகொண்டிருந்த அந்த 2007ஆம் ஆண்டில் அது அரண்மனைக்குச் சமம். வெளியே ஒரு மண்டபத்தில் விசேஷம் வைத்தால், வருகிறவர்களுக்கு வழியில் இரண்டு சோதனைச் சாவடியாவது உண்டு. மொட்டை மாடியில் வைத்தால் வீட்டுப் படி ஏறுவதோடு பயணம் முடிந்துவிடும்.

ஆடி மாதத்தில் ஒரு மாலை, மூன்றாம் மாடி அருந்ததி அவருடைய கதவைத் தட்டினாள். கொம்பனித்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை செய்கிற பிள்ளை. தாய் பாலேஸ்வரியோடு இருக்கிறாள்.

"அங்கிள், ஆவணியில ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கலியாணம்."

"நல்ல சேதி பிள்ளை! முருகன் கிருபை. மாப்பிள்ளை?"

"யாழ்ப்பாணத்தில படிப்பிக்கிறார். பாதை பூட்டிக் கிடக்கிறதால அவையள் பிளேனில வருகினம். ரிக்கற் கிடைச்ச நாளை வைச்சுத்தான் முகூர்த்தமும் பாத்தது. மொட்டை மாடி மண்டபம் தருவீங்களோ எண்டு கேக்க வந்தனான்."

கனகசபாபதியருடைய முகத்தில் சிவப்புக் கொடி ஏறியது. "பிள்ளை, நீ ஒரு சிரமதானத்துக்கும் வரேல்லை."

"அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, அங்கிள்."

"அம்மாவை நான் கேக்கேல்லை. நீ ஞாயிற்றுக்கிழமையில ஜன்னலடியில கம்ப்யூட்டரோட இருக்கிறதைக் கீழ நிண்டு பாக்கிறனான். நாங்கள் கானுக்குள்ள நிக்கிறம், நீ கேம் விளையாடுறாய்."

அருந்ததி கோபிக்கவில்லை. சிரித்தாள். "கேம் இல்லை அங்கிள். அதுவும் சிரமதானந்தான்."

இப்போது கனகசபாபதியர் சிரித்தார். "வீட்டுக்குள்ள கதிரையில இருந்துகொண்டோ?"

அவள் நின்றபடியே விளக்கினாள். இலவச மருந்தகங்களுக்கு என்று ஒரு மென்பொருள். டொக்டர் எழுதும் மருந்தை எப்போது, எத்தனை குளிசை என்று தமிழிலும் சிங்களத்திலும் சிறு துண்டாக அச்சடித்துக் கொடுக்கும். அதை ஒருவருக்கொருவர் முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். சம்பளம் இல்லை. யாரும் எடுத்துப் பாவிக்கலாம், யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் யாரும் திருத்தலாம். "ஓப்பன் சோர்ஸ் எண்டு சொல்லுறது" என்றாள்.

"அதெல்லாம் நல்லதுதான் பிள்ளை. ஆனா சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. அதோட அந்த ஞாயிற்றுக்கிழமையை நவரத்தினம் பேரனின்ர முதல் பிறந்தநாளுக்குக் கேட்டு வைச்சிருக்கிறான். அவன் ஒரு சிரமதானமும் தவறவிட்டதில்லை."

அருந்ததியின் முகம் அப்போதுதான் வாடியது. "மாப்பிள்ளையின்ர அப்பாவுக்குத்தான் அங்கிள் யோசிக்கிறன். போன முறை கொழும்புக்கு வந்தபோது அவரைச் செக்பொயின்ற்றில மறிச்சு, பின்னேரம் வரைக்கும் வெயிலில நிக்க வைச்சிட்டினம். இப்ப வெளிய இறங்கவே பயப்பிடுறார். லொட்ஜில நிண்ட எங்கட ஆக்களைப் பொலிஸ் பிடிச்சு பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பினதுக்குப் பிறகு இன்னும் பயம். இஞ்ச எண்டா எங்கட வீட்டிலயே தங்கி, அப்பிடியே படி ஏறி வந்திடுவார். வேற மண்டபமெண்டா, மகன்ர கலியாணத்துக்கே வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டார்."

கதவை மூடிய பிறகு கனகசபாபதியருக்குச் சோறு இறங்கவில்லை. நியாயமான மனிதர்களுக்கு உள்ள தொல்லை இதுதான்: மற்றவர்களுக்கு இல்லை என்று சொன்ன பிறகு, தங்களுக்குத் தாங்களே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

அடுத்த சிரமதானத்தன்று, பனிஸ் கொடுத்து முடிந்ததும் அவர் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார். பாலேஸ்வரி பதறிப்போய்க் கதிரையைத் துடைத்தாள். அருந்ததி கணினியின் முன்னே இருந்தாள். திரையில் வரி வரியாக எழுத்துகள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

"ஆர் இது எழுதுறது?"

"றுவன். நுகேகொடையில இருக்கிறார். சிங்களப் பக்கத்தை அவர் பாக்கிறார், தமிழ்ப் பக்கத்தை நான். போன கிழமை அவரின்ர எழுத்துகள் அச்சில குலைஞ்சு வந்தது, நான் திருத்தினனான். இண்டைக்கு என்ர எழுத்துக் குலையுது. அவர் இருந்து பாக்கிறார். மற்றது ஷபீகா, காத்தான்குடி. ரொறொன்ரோவில ஒருத்தர். அவருக்கு இப்ப நடுச்சாமம்."

"நுகேகொடைப் பெடியனைக் கண்டிருக்கிறியோ?"

"இல்லை அங்கிள். அவருக்கு இந்தப் பக்கம் வரப் பயம், எனக்கு அந்தப் பக்கம் போகப் பயம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

கனகசபாபதியர் தெற்கு ஸ்ரேசன்களில் பாதி வாழ்நாளைக் கழித்தவர், சிங்களம் தண்ணீர்பட்டபாடு. எங்கள் செயலாளர் அங்கிள் கேட்கிறார் என்று தொடங்கி, அவர் சொல்லச் சொல்ல அருந்ததி தட்டினாள். "மல்லி, ஓயாட்ட சல்லி கீயக் தெனவத?" தம்பி, உனக்கு எவ்வளவு காசு தருகிறார்கள் என்று கேள்வி.

பதில் உடனே வந்தது. "சல்லி நே, அங்கிள். தே எகக் தென்ன."

காசில்லை, ஒரு தேநீர் தாருங்கள்.

கனகசபாபதியர் வயிறு குலுங்கச் சிரித்தார். கானுக்குள்ளிருந்து ஏறி வருகிற எல்லோரும் அவரிடம் கேட்பது அதைத்தானே! ஆனாலும் உடனே சட்டத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "கூலி இல்லாமல் செய்யிறியள், கூடிச் செய்யிறியள். சரி. இதால பயன் ஆருக்கு? அதை நான் என்ர கண்ணால பாக்கோணும்."

"வாங்கோ" என்றாள் அருந்ததி.

ஒரு சனிக்கிழமை காலை இருவரும் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். இடையில் ஒருமுறை எல்லோரையும் இறக்கி ஐசி என்கிற அடையாள அட்டையைப் பார்த்தார்கள். கனகசபாபதியர் தன் ரயில்வே ஓய்வூதிய அட்டையையும் சேர்த்து நீட்டினார். அது எங்கேயும் உதவியதில்லை என்றாலும், எப்போதும் நீட்டுவார்.

அந்தோனியார் கோயிலுக்குப் பின்னால், இரண்டு அறையில் ஒரு மருந்தகம். சிஸ்டர் கொன்ஸ்ரன்ஸ் அதை நடத்துகிறார். உயரமான, சத்தமாகச் சிரிக்கிற கன்னியாஸ்திரி. உட்காரும் வாங்குகள் நிறையச் சனம்: துறைமுகத் தொழிலாளர்கள், தலையில் முக்காடிட்ட தாய்மார், சிங்களக் கிழவிகள். யன்னலடியில் ஒரு சின்ன இயந்திரம் கிர் கிர் என்று துண்டுகளைத் துப்பியது. சிஸ்டர் ஒவ்வொன்றையும் மருந்துப் பையில் ஒட்டினார்.

"இந்தப் பிள்ளையை எங்களுக்கு அந்தோனியார்தான் அனுப்பினவர்" என்றார் சிஸ்டர்.

"எங்கட முருகனும் கொஞ்சம் உதவி செய்திருப்பார்" என்றார் கனகசபாபதியர்.

"ஏன் இல்லை? ரெண்டு பேரும் சேர்ந்தே அனுப்பட்டும். வேலை அவ்வளவு கிடக்குது!"

அப்போது ஒருவர் தன் மருந்துப் பையைக் கையை நீட்டித் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கி வாசித்துக்கொண்டிருந்தார். காளியப்பன் என்று பெயர். பதுளைப் பக்கம் தோட்டத்திலிருந்து வந்தவர், ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டில் காவல் வேலை.

"வாசிக்க முடியுதோ?" என்று கேட்டார் கனகசபாபதியர்.

"முடியுதுங்க ஐயா. முன்னெல்லாம் இங்கிலீசுல கிறுக்கிக் குடுப்பாங்க. கடையில காட்டி, என்னான்னு கேட்டுக்கிட்டுப் போவேன். ஒரு தடவ கடக்காரரு மாத்திச் சொல்லி, ராத்திரி மாத்திரைய காலையில போட்டுட்டு யார்டு கேட்டுலயே தூங்கிப்புட்டேன். வேலை போகப் பாத்திச்சு. இப்ப நானே படிச்சுக்கிறேன்." பையை மறுபடியும் தூரப் பிடித்தார். "எழுத்துதான் எறும்பு கணக்கா இருக்குது."

கனகசபாபதியர் அந்தத் துண்டை வாங்கித் தன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். மேலே மருந்தகத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே டொக்டரின் பெயர். அதற்கும் கீழே, இடம் மிஞ்சினால் போதும் என்பதுபோல், காலை ஒன்று, இரவு ஒன்று.

அவருடைய சட்ட புத்தி விழித்துக்கொண்டது. "பிள்ளை, இது பிழை. ஒரு ஸ்ரேசனில பெரிய பலகையில என்ன எழுதியிருக்கும்? ஊர்ப் பேர். ரயில்வே இலாகாவின்ர பேரில்லை. ரயிலுக்குள்ள இருக்கிறவனுக்கு எங்க இறங்கிறது எண்டுதான் தெரிய வேணும். மருந்து எடுக்கிற வருத்தக்காரன் டொக்டர் பேரையோ விழுங்கப் போறான்?"

காளியப்பன் கைகொட்டிச் சிரித்தார். அருந்ததி சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து பேனையை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். "அங்கிள், நாங்கள் இவ்வளவு பேர் பாத்தும் இது எங்கட கண்ணில படேல்லை" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் மண்டபத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அவரே தொண்டையைச் செருமினார். "பிள்ளை, பயன் இருக்கெண்டு கண்டிட்டன். ஆனா சட்டம் நான் தனியப் போட்டதில்லை. மாதக் கூட்டத்தில வை. நான் அந்தப் பக்கமும் கதைக்கமாட்டன், இந்தப் பக்கமும் கதைக்கமாட்டன். செயலாளர் ஒரு பக்கம் சாயக் கூடாது." அது நேர்மை என்றே அவர் நம்பினார். குறை கேட்க வேண்டி வருமோ என்ற பயத்துக்கும் நேர்மைக்கும் சில நேரம் ஒரே உடுப்புத்தான் என்பதை நல்லவர்களும் மறந்துபோகிறார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் அருந்ததி ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகியிருந்தது. உலகத்தில் எவர் அதைத் திறந்தாலும் கடைசியில் நன்றி சொல்லும் பக்கம் ஒன்று வரும். பிழையைச் சுட்டிக்காட்டியவர்களின் பெயரையும் அதில் போடுவது அவர்களுடைய வழக்கம். அந்தப் பக்கத்தை அச்சடித்திருந்தாள். அதில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இப்படி இருந்தது: மருந்து எடுக்கும் நேரத்தைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னவர்கள் — காளியப்பன், ஒருகொடவத்தை; கனகசபாபதி, வெள்ளவத்தை.

கனகசபாபதியர் அதை மூன்று மொழியிலும் வாசித்தார். இத்தனை வருட உத்தியோகத்தில் ரயில்வே இலாகா அவருடைய பெயரை இடமாற்றக் கடிதத்தில் மட்டுமே அச்சடித்திருக்கிறது. தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார், ஐயருக்குக் காட்டினார். மரக்கறிக் கடையில் காட்டினார். திரும்பி வந்து, படிக்கட்டில் நவரத்தினத்தைக் கண்டு, அவருக்கும் காட்டினார்.

நவரத்தினம் பம்பலப்பிட்டியில் புடைவைக் கடை வைத்திருப்பவர். சிரமதானத்தில் அவருக்குக் கையைவிட வாய் கூடுதலாக வேலை செய்யும். தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"எஸ்.எம். ஐயா, நீங்கள் எவ்வளவு நேரம் வேலை செய்து இந்தப் பேர் எடுத்தனீங்கள்?"

"வேலையோ? சும்மா ஒரு சொல்லுச் சொன்னனான்."

"ஓகோ. ஒரு சொல்லுச் சொன்னதுக்கு அந்தப் பிள்ளை உங்கட பேரை உலகம் முழுக்கப் போட்டிருக்கிறா. அவ வருசக் கணக்கா வேலை செய்யிறா. நீங்கள் ஒரு பனிஸ் குடுக்கேல்லையே!"

சொல்லிவிட்டு நவரத்தினம் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் கனகசபாபதியர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். கோயிலில் அன்னதான நாட்களில், பின்கட்டில் குந்தியிருந்து பூசணிக்காய் வெட்டுகிற பெண்கள் அவருடைய நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் தேர்வடம் பிடிப்பதில்லை. அவர்களை எவரும் காண்பதுமில்லை. அவர்கள் செய்வது தொண்டு இல்லை என்று எந்த வாய் சொல்லும்? கண்ணுக்குத் தெரிகிற கானை மட்டும் கணக்கில் எடுத்துவிட்டோமே என்று தன்னையே கடிந்துகொண்டார்.

மறுநாள் மாலை மொட்டை மாடியில் கூட்டம். கடல்காற்றில் எல்லோருடைய தலைமயிரும் ஒரே பக்கம் பறந்தது. அருந்ததியின் விஷயம் வந்தபோது, பக்கம் சாயமாட்டேன் என்று சொல்லியிருந்த செயலாளர் எழுந்து நின்றார்.

"நான் ஒரு திருத்தம் கொண்டு வாறன். கூலி வாங்காமல், நாலு பேரோட கூடி, ஊருக்குப் பயன்படுற வேலையை ஆர் செய்தாலும், அது கானுக்குள்ள நிண்டாலும் சரி, கதிரையில இருந்தாலும் சரி, சிரமதானம் எண்டு இந்தச் சங்கம் ஏற்க வேணும். மூண்டாம் மாடிப் பிள்ளை செய்யிறது அதுதான்." பிறகு மருந்தகத்தையும், காளியப்பனையும், தேநீர் கேட்ட நுகேகொடைப் பையனையும் பற்றிச் சொன்னார்.

நான்காம் மாடி றஞ்சிதம் கையை உயர்த்தினாள். "எஸ்.எம். ஐயா, அப்ப என்ர மகனும் விடிய விடியக் கம்ப்யூட்டருக்கு முன்னால இருக்கிறான். அவனுக்கும் ஒரு பனிஸ் எடுத்து வைப்பீங்களோ?"

மாடியே சிரித்தது. கனகசபாபதியரும் சிரித்தார்.

"நல்ல கேள்வி, றஞ்சிதம். எங்கட கானுக்கு மூடி இருக்கோ?"

"இல்லை. நாறுது."

"மூடி இல்லாதபடியால்தான் ஆர் துப்புரவாக்கினது, ஆர் சும்மா நிண்டது எண்டு போற வாற எல்லாருக்கும் தெரியுது. இந்தப் பிள்ளையின்ர வேலையும் அப்பிடித்தான், மூடி இல்லை. எந்த வரியை ஆர் எழுதினது, எந்தப் பிழையை ஆர் திருத்தினது எண்டு திறந்து பாத்தால் கிடக்கும். உன்ர மகன் அப்பிடி ஒண்டு திறந்து காட்டட்டும், நானே ரெண்டு பனிஸ் குடுக்கிறன்."

"அவன் காட்டமாட்டான்" என்று ஒப்புக்கொண்டு றஞ்சிதம் இருந்துவிட்டாள். பிறகு திருத்தத்துக்கு முதலில் உயர்ந்த கையும் அவளுடையதுதான். பின்னால் மற்றக் கைகளும் உயர்ந்தன.

ஆனால் ஒரு தடை மீதமிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையை நவரத்தினம் முதலில் கேட்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்த பாலேஸ்வரி கண்ணை மூடி, உதட்டுக்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

நவரத்தினம் காதைச் சொறிந்தார். "என்ர வாய்தான் எனக்கு எதிரி. நேற்றுப் படிக்கட்டில சும்மா போயிருக்கலாம்." பிறகு எழுந்தார். "என்ர பேரனுக்கு ஒரு வயசு. அவன் கேக் வெட்டப் பத்து நிமிசம் காணும். அதுக்கு ஏன் தனி மண்டபம்? தாலி கட்டி முடிஞ்ச கையோட, அந்தப் பந்தலிலயே வெட்டுவம். சாப்பாட்டுச் செலவும் எனக்கு மிச்சம்!"

"கேக்கில முட்டை போடாதை" என்றார் கனகசபாபதியர் உடனே. "கலியாண வீடு. மரக்கறிச் சாப்பாடு. அது சட்டம்."

ஆவணி ஞாயிறும் வந்தது. மாப்பிள்ளையின் தந்தை தில்லைநாதன் மூன்றாம் மாடியிலிருந்து மெல்ல மெல்லப் படியேறி வந்தார். ஒவ்வொரு தளத்திலும் யாரோ ஒருவர் கதவைத் திறந்து கதிரை போட்டார்கள். அவரும் எல்லாக் கதிரையிலும் இருந்து, எல்லா வீட்டிலும் தண்ணீர் குடித்தார். மேலே வந்து, கடலைப் பார்த்தபடி நின்று, "ஒருத்தரும் ஐசி கேக்கேல்லை" என்றார், நம்ப முடியாதவரைப் போல.

தாலி கட்டியாயிற்று. முட்டை போடாத கேக்கையும் வெட்டியாயிற்று. சிஸ்டர் கொன்ஸ்ரன்ஸின் சிரிப்புச் சத்தம் பந்தலின் மறுகரை வரை கேட்டது. கனகசபாபதியர் தேநீர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, படிக்கட்டு வாசலில் ஒரு மெலிந்த பையன் தயங்கி நின்றான். வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் சிவப்புத் தாள் சுற்றிய ஒரு பரிசுப் பெட்டி. ஒழுங்கை முனைச் சாவடியில் சோதித்தபோது தாளைக் கிழித்துவிட்டு, மறுபடி கோணலாக ஒட்டியிருந்தார்கள். அவன் பந்தலுக்குள் மணமகளைத் தேடினான். அருந்ததி அவனைக் கண்டாள். ஒரு கணம் யாரென்று தெரியாமல் பார்த்தாள். பிறகு மாலையோடு எழுந்தே விட்டாள்.

அதற்குள் அவன் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவரின் நெற்றித் திருநீற்றையும் அதிகாரத் தோரணையையும் பார்த்து, இவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டியிருந்தான்.

"அங்கிள்" என்றான். "மகே தே எக கோ?"

என்னுடைய தேநீர் எங்கே?

கனகசபாபதியர் பெரிய கோப்பையாகத் தேடி எடுத்து, விளிம்பு வரை ஊற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். கலியாண வீட்டில் பனிஸ் இருக்கவில்லை. நவரத்தினத்தின் பேரனுடைய கேக்கில் ஒரு துண்டை வெட்டிச் சாசரில் வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு துண்டும் வைத்தார்.